மேல் தட்டு மூடிகள்

“கல்லீரல்ல ஜிங்க் இவ்வளவு ஏறியிருந்தா, எந்தக் குழந்தைக்கு இதைத் தரச் சொல்றதுங்கக்கா?” என்றாள் ஜோதிமணி.

ராமாபுரத்துக்காரி. மைசூரின் உணவு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இரண்டு வருஷமாக ஒரே வேலை. ஜிங்கைக் கண்ணுக்கே தெரியாத நானோ துகளாக்கி ராகிமாவில் கலந்தால், வழக்கமான ஜிங்க் உப்பைவிட உடம்பில் நன்றாகச் சேருமா, சேர்ந்தது எங்காவது தங்கிக் கெடுக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது. உப்பு தின்ற எலிகளுக்கு ஒன்றுமில்லை. நானோ தின்றவற்றின் கல்லீரலில் ஜிங்க் இரண்டு பங்கு. திங்கட்கிழமை ‘ஆபத்து’ என்று எழுதிக் கொடுத்தால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் மெட்டில்டா காலிக் கூண்டுகளைக் கழுவப் போனாள். தீனி வைப்பதும், ‘என்ன, எவ்வளவு’ என்று சீட்டெழுதிக் கூண்டில் கட்டுவதும் அவள் வேலைதான். அடுக்கின் மேல் தட்டுக் கூண்டு மூடி ஒன்றைத் தேய்க்கும்போது கை நின்றது. கம்பியின் பளபளப்பு திட்டுத்திட்டாகப் போயிருந்தது. வெல்டிங் கடை வைத்திருக்கும் புருஷனுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, எலிக்கூண்டுக்கு ஆறு மூடி செஞ்சீங்களே, என்ன கம்பி?”

“ஜி.ஐ. கம்பி. ஏன், துருப்பிடிச்சிடுச்சா?”

“மேல்பூச்சு போயிருக்கு.”

“கடிச்சா போகாதா? உன் எலிக்கு எவர்சில்வர்தான் வேணுமாமா?”

“பூச்சு என்னதுங்க?”

“ஜிங்க்.”

எவர்சில்வர் மூடிகள் உடைந்தபோது, எழுதிக் கேட்டால் மூன்று மாசமாகும் என்று அவளே யாரிடமும் கேட்காமல் கொண்டுவந்து மாட்டியவை அவை. எல்லாம் நானோ எலிகளின் தட்டில். மார்ச்சில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. பழைய இரும்போடு போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

மூடியை ஈரத்தோடு எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

“மேடம், இதை எலிங்க நக்கியிருக்கு. ஜிங்க் பூசின கம்பி. நான்தான் மாட்டினேன்.”

ஜோதிமணி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எத்தனை கூண்டுங்க?”

“ஆறு. எல்லாம் நானோ.”

ஜோதிமணி திங்கட்கிழமைக்காக எழுதிக்கொண்டிருந்த தாளைத் தள்ளிவைத்தாள்.

“அப்ப நானோ கெடுதல் இல்லையா, மேடம்?”

“தெரியலீங்கக்கா. மாவுல வந்ததா, மூடியில வந்ததான்னு கல்லீரல் சொல்லாது. நல்லதுன்னும் எழுத முடியாது, கெட்டதுன்னும் எழுத முடியாது. முதல்ல இருந்து செய்யோணும்.”

“செய்ய விடுவாங்களா?”

“கேட்டுப் பாக்கோணும்.”

“என் பேரை எழுதிக்குங்க.”

“எழுதோணும்தான். கூண்டைப் பாக்க வேண்டியவ நான். இத்தனை நாள்ல ஒருக்காகூட மேல நிமிந்து பாக்கலியே, அதையும் எழுதறேன்.”

“மார்ச்சுக்கப்புறம் என்னை வச்சுக்குவாங்களா, மேடம்?”

“அதுவும் தெரியலீங்கக்கா.”

மெட்டில்டா கீழே வந்து ஆறு மூடிகளையும் துடைத்து அடுக்கினாள். பழக்கத்தில் கை சீட்டை எடுத்தது. ‘என்ன’ என்ற இடத்தில் ஜிங்க் என்று எழுதினாள். ‘எவ்வளவு’ என்ற இடத்தைக் காலியாக விட்டு மூடியில் கட்டினாள்.