அறுபட்ட படிக்கட்டு

மாலை ஏழரைக்குத் திரை தூக்க வேண்டும். மூன்று மணி ஒத்திகையில், கணவனாக நடிக்கும் பேசில் டிரான்டர் நான்காவது முறையாகப் பிந்தினார். படுக்கையறைக் கதவு வழியாக ஓடி மறையும் கணவன், மனைவி நுழையும் அதே நொடியில் எதிர்க்கதவில் தலைகாட்ட வேண்டும். நொடி தவறினால் அந்தக் கேலிநாடகத்தில் சிரிப்பே வராது.

"வயசாயிடுச்சுன்னா ஒத்துக்கய்யா, பேசில்! வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்று கத்தினார் இயக்குநர் ரட்ஜ்.

அறுபது வயது பேசில் மூச்சிரைக்க நின்றார்.

மேடை அமைப்பை வடிவமைத்த எனிட் சத்தமில்லாமல் பின்பக்கம் போய்த் தானே ஓடிப் பார்த்தாள். இருபத்தெட்டு வயதுக்காரியான அவளும் பிந்தினாள். எல்லோரும் புகழ்ந்த அவளுடைய படிக்கட்டு, மேடையின் துணிச்சுவருக்குப் பின்னால் ஓடும் வழியில் பாதியை அடைத்திருந்தது. சொன்னால் இதுவே அவளுடைய கடைசி வேலையாகலாம்.

"தப்பு என்னோடது, மிஸ்டர் ரட்ஜ். படிக்கட்டை அறுத்துடுங்க."

"இப்பவா சொல்றே? அதுதானேம்மா சுவரையே தாங்குது!"

"சுவரை நான் பாத்துக்கறேன்."

ஆசாரி ரம்பத்தை எடுத்தார். ஏழரைக்குத் திரை தூக்கியபோது, அறுத்த இடத்தில் பூசிய வர்ணம் காயவில்லை. ஒவ்வொரு முறை கதவு அறைந்து சாத்தப்படும்போதும் துணிச்சுவர் ஆடியது. எனிட் அதன் சட்டத்தை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு காட்சி முழுவதும் நின்றாள்.

பேசில் அவளை உரசிக்கொண்டு ஓடினார். "விட்டுடாதே கண்ணு!" என்று கிசுகிசுத்துவிட்டுக் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் அரங்கம் வெடித்துச் சிரித்தது.