குதிகாலில் எழுதிய எண்

ரத்னா கறுப்பு மையால் எண் எழுதிய பொருள் எதுவும் தொலையாது. எங்கே வைத்து எழுதினாளோ அந்த இடத்துக்கே திரும்பி வந்துவிடும். எளாவூருக்குக் கிழக்கேயிருந்த குப்பத்துக்கு இது 1967 கோடையில் தெரியவந்தது. சூளூர்ப்பேட்டைக்காரன் வாங்கிப்போன வெள்ளாடு, அவன் கட்டிய புதுக் கயிற்றோடு மறுநாளே பழைய முளையருகில் நின்றது. மூன்றாம் முறை தேடிவந்தவன் சாப்பிட்டுவிட்டு ஆடில்லாமலே போய்விட்டான்.

அப்போது அவள் சென்னையில் தொல்லியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். பூண்டிப் பக்கம் தோண்டும்போது கிடைக்கிற ஒவ்வொரு கல்லிலும் ஓட்டிலும் எந்த இடம், எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு என்று எண் எழுதவேண்டும். இடம் தெரியாத பொருள் வெறும் குப்பை என்பார்கள் அங்கே. பழக்கம் விடுமா? விடுமுறையில் வந்தவள் சொம்பு, துடுப்பு, ஆடு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடித்து அவளைப் படிக்கவைத்த அப்பன் தேசப்பனுக்குத்தான் கவலை.

"இதப் படிச்சா இன்னா வேலம்மா குடுப்பான்?"

மியூசியம், கல்வெட்டு ஆபீஸ், அகழாய்வு, காலேஜ் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் தூங்கிப்போனார். அவர் குதிகாலிலும் ஓர் எண்ணை எழுதிவைத்தாள்.

அந்த ஆண்டு ஐப்பசிப் புயலில் ஏரிக்குப் போன தேசப்பன் திரும்பவில்லை. துடுப்பு மட்டும் வீட்டு மூலைக்கு வந்து சேர்ந்தது. அவர் மனைவி கெங்கம்மாள் காரியம் செய்ய விடவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. "துடுப்பு வந்துச்சில்ல? அவரும் வருவாரு. நடந்து வர்ற மனுசன், நேரமாவும்" என்றாள்.

1972இல் தொழிற்சாலைக்காகக் குப்பத்து நிலத்தை எடுத்துக்கொண்டு, குடும்பங்களை நெடுஞ்சாலையோரம் குடியேற்றினார்கள். அதே மாதம் ரத்னாவுக்குச் சென்னை மியூசியத்திலிருந்து வேலைக்கான உத்தரவு வந்தது. ஆசைப்பட்டுப் படித்ததற்கு ஆசைப்பட்ட வேலை.

"ஊட்ட இடிச்சிட்டானுங்களே, உங்க நைனா எங்கடி வந்து படுப்பாரு?" என்று அம்மா அழுதாள்.

ரத்னா மியூசியத்துக்குப் போகவில்லை. அம்மாவிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவுமில்லை. வீடு இருந்த இடத்தில் எழும்பிய தொழிற்சாலையிலேயே ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை கேட்டாள். தொல்லியலுக்கும் போல்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றார் மேனேஜர். "எது எங்க இருந்துச்சுன்னு மறக்காம எழுதி வைக்கிறதுதான் சார் ரெண்டும்" என்றாள். வேலை கிடைத்தது. டிபன் கேரியரில் வீட்டுக்குப் போன ஸ்பேனர்களெல்லாம் காலையில் ரேக்குக்குத் திரும்பின. விற்பனைச் சரக்கில் மட்டும் மேனேஜர் அவளை எழுதவிடுவதில்லை.

1975இல் ஒரு காலை ஷிப்டின்போது, இரண்டு லேத்துகளுக்கு நடுவே, ஈரம் சொட்டச் சொட்ட தேசப்பன் வந்து படுத்தார். வாட்ச்மேன் சாலமோன் பின்னாலேயே வந்து கேட் பாஸ் கேட்டான்.

"இன்னாம்மா, ஊட்ல இவ்ளோ சத்தம்?" என்றார் தேசப்பன்.

ரத்னா அவர் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். குதிகாலில் எண் அழியாமல் இருந்தது.

"வேல கெடச்சிடுச்சு நைனா."

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "இதுக்கா படிச்ச?"

"இதுக்குத்தான் நைனா."

கெங்கம்மாளைக் கூட்டிவர ஆள் போவதற்குள் அவர் மறுபடி தூங்கிவிட்டார். வேலை நிற்கக்கூடாது என்பதற்காக ஒரு லேத்தை இரண்டடி தள்ளிப் போட்டார்கள். அது இன்றும் அங்கேதான் ஓடுகிறது.