பதினோரு மாத வாடகையும் மூன்று இதழ்களும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பொய்ச் சத்தியத்தில் பிறந்தது. இதில் வரும் உலகநாதன் நான்தான். ‘நான்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது; ‘அவன்’ என்று எழுதினால் கொஞ்சம் மானம் மிஞ்சுகிறது.

முதல் தொடக்கம்: ‘1989. ஆவடி சேக்காட்டின்மேல் மாலை வெயில் பொன்னாக உருகி—’

வேண்டாம். மாலைகளில் அவன் வீட்டுக்காரம்மாவுக்குப் பயந்து பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தான். பொன்னையெல்லாம் பார்க்க நேரமில்லை.

2

வீட்டுக்காரம்மா பூங்காவனம். புருஷன் போனபின் அந்த ஒரு வாடகையில்தான் அவள் அடுப்பு எரிந்தது. உலகநாதன் அம்பத்தூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். பதினோரு மாதம் வாடகை தரவில்லை. வறுமை என்று எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. உண்மை என்னவென்றால், அந்தப் பணத்தில் ஏழைகளுக்காக ஒரு சிறுபத்திரிகை நடத்தினான். மூன்று இதழ் வந்தது. (வாங்கியவர்கள் ஒன்பது பேர். அதில் இருவர் கடனுக்கு.)

பூங்காவனம் பூந்தமல்லி கோர்ட்டில் வழக்குப் போட்டாள். ‘மாதாமாதம் வாடகையை நீட்டினேன், என்னைக் காலிசெய்ய வைக்க அவர்தான் வாங்க மறுத்தார்’ என்று உலகநாதன் பதில் மனு எழுதினான். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அப்படியொரு சந்து இருப்பதாக வக்கீல் சொல்லியிருந்தார். அவன் எழுதிய புனைவுகளில் பிறர் நம்பியது அது ஒன்றைத்தான்.

3

விசாரணை நாளன்று இருவருக்கும் ஒரே பஸ். மாதக் கடைசி. கண்டக்டர் வந்ததும் உலகநாதன் சட்டைப்பையைத் துழாவினான்.

“பூந்தமல்லி ரெண்டு குடுப்பா,” என்றாள் முன்சீட்டிலிருந்த பூங்காவனம். அவள் காதில் வேப்பங்குச்சி. கம்மல் வக்கீலுக்குப் போயிருந்தது.

“எனக்கு நீங்க எதுக்கும்மா...”

“நீ வராங்காட்டி இன்னொரு வாய்தா* போட்ருவாங்க நைனா. எத்தினி தபா அலையறது?”

(*வழக்கைத் தள்ளிவைப்பது. என் கதைகளும் பெரும்பாலும் வாய்தாவில்தான் கிடக்கின்றன.)

இந்த இடத்தில் அவன் மனம் திருந்தியதாக இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். கூண்டேறினான், சத்தியம் செய்தான், மனுவில் இருந்ததைப் பிழையில்லாமல் ஒப்பித்தான். வழக்கு தள்ளுபடியானது.

வெளியே வந்ததும் பூங்காவனம் திட்டவில்லை. “நானா வாங்கலன்னேன்?” என்று மட்டும் கேட்டாள். அவன் டீக்கடைப் பக்கம் நடந்தான். மறுமாதமே சொல்லாமல் கொள்ளாமல் திருநின்றவூருக்குக் குடிபோனான்.

4

1996. பாக்கிப் பணத்தோடு சேக்காட்டுக்குப் போனான். கதவைப் பாதி திறந்த பூங்காவனத்தின் இரு கண்களிலும் புரை.

“யாரு? ஊடு பாக்க வந்தியா? காலியாத்தான் கீது. பொஸ்தவத்த அடுக்கி வச்சிகினு கீற ஆளுன்னா மட்டும் தரமாட்டேன்.”

முடிவு ஒன்று: அவள் காலில் விழுகிறான். (இத்தனை வருஷம் வளையாத முதுகு.) முடிவு இரண்டு: பணத்தை வாசலில் வைத்துவிட்டு ஓடுகிறான். (அவனுக்குப் பொருத்தம்தான். ஆனால் தெருவில் போகிற எவனாவது எடுத்துக்கொள்வான்.)

நடந்தது இது. உலகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வாடகை எவ்ளோம்மா?” என்றான்.

அந்தக் குரலைக் கேட்டதும் பூங்காவனம் கதவை முழுசாகத் திறந்தாள்.

அதற்குமேல் நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. சத்தியம் செய்துவிட்டே பொய் சொன்னவன் நான். இங்கே யாரும் என்னைச் சத்தியம்கூடச் செய்யச் சொல்லவில்லை. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னை விட்டுவைக்க வேண்டாம்.