வடிதுணியில் வெள்ளைத் துகள்

மலை முகட்டில் வலைகளை நட்ட நாளிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆய்வகத்தில் இரண்டு வருடம் காய்ச்சிக் காய்ச்சிக் கண்டுபிடித்த பூச்சு அது. வலையின் இழையில் பூசிவிட்டால், மூடுபனி துளியாகத் திரண்டதும் ஒட்டிக்கொண்டு நிற்காமல் வழுக்கிக் கீழே ஓடிவிடும். வெறும் வலை ஒரு குடம் பிடித்தால் பூச்சு வலை மூன்று குடம் பிடித்தது. கீழே நாற்பது வீடுகளுக்கு அவளுடைய அண்ணன்தான் குழாய் போட்டான். அங்கே எல்லோருக்கும் அவள் ‘பனியக்கா’.

பன்னிரண்டாம் நாள் காலை, தொட்டியின் வாயில் கட்டியிருந்த வடிதுணியை அவிழ்த்தாள். மடிப்பில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ படிந்திருந்தது. விரலில் தேய்த்தாள், கரையவில்லை. ஓடிப்போய் வலையின் இழையை நகத்தால் சுரண்டினாள். வெயில் படும் பக்கமெல்லாம் பூச்சு உரிந்துகொண்டிருந்தது.

அண்ணனுக்கு போன் போட்டாள்.

“அண்ணா, வால்வை மூடிடு.”

“ஏன்? இன்னிக்குத்தான் தண்ணி நல்லா இறங்குது.”

“பூச்சு உரியுது. தண்ணில கலக்குது.”

“குடிச்சா என்ன ஆகும்?”

“தெரியாது. அதனாலதான் மூடச் சொல்றேன்.”

“முப்பது பேர் குடத்தோட நிக்கிறாங்க. இப்ப மூடிடறேன். ஆனா ஏன்னு நீயே வந்து சொல்லு. என்னால ஆகாது.”

சரிவில் விழுந்தடித்து இறங்கினாள். வரிசையின் முன்னால் தையல்காரி அரைக்குடத்தோடு நின்றிருந்தாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

“நேத்து வரைக்கும் இந்தத் தண்ணியிலதான் குழந்தைக்குப் பால் கரைச்சேன். நேத்து நல்ல தண்ணி, இன்னிக்குக் கெட்ட தண்ணியா?”

“நேத்தும் கலந்திருக்கும். நான்தான் கவனிக்கல. என் தப்பு.”

“தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? நீ குடிப்பியா?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. தையல்காரி குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் எதிரே நின்றவளின் செருப்பை நனைத்து ஓடியது. அவள் நகரவில்லை.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் தையல்காரி முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது பழையபடி தொடங்கியது. பனியக்கா வலைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

“உக்காரேன், தலை சுத்துது,” என்றான் அண்ணன்.

“பூச்சு இல்லாட்டி துளி எங்கண்ணா சிக்குது? குறுக்கு இழையில. குறுக்கு இழையே இல்லாம செஞ்சா?”

“அப்புறம் அது என்ன வலை?”

“வலை எதுக்கு? நேர்க்கம்பி போதும்.”

சட்டத்தில் மெல்லிய துருப்பிடிக்காத கம்பிகளை மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டினார்கள். கம்பிகளை நெருக்கினால் துளிகள் இரண்டு கம்பிக்கும் நடுவே பாலம் போட்டு நின்றன. விலக்கினால் பனி இடைவெளியில் நழுவிப் போனது. ஐந்து வாரம் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகக் கழிந்தது. கடைசியில் மூன்று குடம் கிடைத்த இடத்தில் இரண்டு குடம் வந்தது. இரண்டு ஆய்வகங்கள் சோதித்துச் சுத்தம் என்று சொன்ன பிறகே வால்வைத் திறந்தாள். முதல் டம்ளரை எல்லோர் முன்னாலும் அவளே குடித்தாள்.

வரிசையின் கடைசியில் தையல்காரி வந்தாள்.

“இதுல என்ன பூசியிருக்கே?”

“ஒண்ணும் பூசல. வெறும் கம்பி.”

“எழுதிக் குடு.”

எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தாள். தையல்காரி இரண்டு முறை வாசித்தாள். காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு குழாயடியில் குடத்தை வைத்தாள்.