பின்பக்கம் தாழ்ந்த படகு

காசிலிங்கத்தின் வாயில் விட்ட முதல் குத்திலேயே கொளஞ்சியின் விரல் முட்டி கிழிந்தது. வலி உறைக்கவில்லை. இன்னொன்று விட்டான். மரக்காணம் உப்பளத்துக்குக் கிழக்கே, கரையோரம் இருந்த கொளஞ்சியின் படகுக் கொட்டகையில் காலை எட்டு மணிக்கு நடந்த பூசை இது.

"வலை எறக்கத்தான்னு சொன்னியேடா."

சுனாமிக்குப் பிறகு ஊருக்கெல்லாம் பைபர் படகு செய்து கொடுத்தவன் கொளஞ்சி. போன வருஷம் புரோக்கர் காசிலிங்கம் தேடி வந்தான். பார்வைக்கு மீன் படகாகவே இருக்க வேண்டும், ஆனால் பின்பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, உருட்டிவிட வாகாக இரண்டு இரும்புத் தண்டவாளம் பதிக்க வேண்டும் என்றான். எந்த வலைக்குத் தண்டவாளம் வேண்டும்? பச்சைக் குழந்தைகூடக் கேட்டிருக்கும். கொளஞ்சி கேட்கவில்லை. அக்கரையில், இலங்கையில் நடக்கிற சண்டைதானே, நமக்கென்ன என்று நாலு படகு செய்து கொடுத்தான்.

அதில் ஒன்றை நேற்று ரோந்துக் கப்பல் துரத்தியிருக்கிறது. படகிலிருந்தவர்கள் அதில் ஏற்றியிருந்த இரண்டு கண்ணிவெடிகளையும் இந்தக் கடலிலேயே உருட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் காசிலிங்கம் வந்திருந்தான்.

"நங்கூரம் கட்டலப்பா. மெதந்துனு இருக்குது." ரத்தத்தைத் துப்பினான். "யாரும் கடலுக்குப் போவாம பாத்துக்க."

கொளஞ்சியின் தம்பி பக்கிரி விடியலிலேயே கடலுக்குப் போய்விட்டான். கடலில் காலி டிரம் மிதந்தால்கூட அதன் நிழலில் மீன் ஒதுங்கும். கண்டவன் சுற்றி வலை போடுவான். எவன் வலை முதலில் விழுகிறதோ அவனுக்கே மீன், அது ஊர்க்கட்டு. கொளஞ்சி காசிலிங்கத்தின் சட்டையைப் பிடித்து இழுத்துப் படகில் தள்ளினான்.

"எங்கன்னு காட்டுடா."

அரைமணி நேரத்தில் பக்கிரியின் படகு தெரிந்தது. அதற்கு ஒரு படகு நீளம் தள்ளி கறுப்பாக, உருண்டையாக ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கொளஞ்சி கத்தினான். இன்ஜின் சத்தத்தில் எதுவும் எடுபடவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேல் சுற்றினான்.

பக்கிரி பார்த்தான். பார்த்துச் சிரித்தான். கடலில் துண்டைச் சுற்றினால் மீனைக் கண்டுவிட்டேன் என்று அர்த்தம். அண்ணன் முந்திக்கொள்வதற்குள் வலையை வீசினான், இழுத்தான். உருண்டை படகில் மோதியது.

பனைமர உயரத்துக்குத் தண்ணீர் எழுந்தது. அது விழுந்தபோது படகும் இல்லை, பக்கிரியும் இல்லை. ஒரு கை மட்டும், வலைக்கயிறு சுற்றியபடி, கொளஞ்சியின் படகில் வந்து விழுந்தது.

"திருப்பிடுப்பா, இன்னொன்னு இருக்குது" என்று அழுதான் காசிலிங்கம். கொளஞ்சி துடுப்பால் அடித்த அடியில் அவன் தாடை திரும்பிப் போனது.

சத்தம் கேட்டு வடக்கிலிருந்து மூன்று படகுகள் பாய்ந்து வந்தன. அவற்றின் நேர் வழியில் இரண்டாவது உருண்டை மிதந்தது. கொளஞ்சியின் கை பழக்கத்தில் துண்டைத் தூக்கியது. சீ என்று அதைக் கடலில் எறிந்தான். இன்ஜினை முழுசாகத் திருகி, முதலில் வந்த அசோகனின் படகு விலாவில் கொண்டுபோய் இடித்தான். படகு பிளந்தது. ஆட்கள் தண்ணீரில் விழுந்தார்கள். மற்ற இரண்டும் நின்றன.

"கண்ணு அவிஞ்சிடுச்சாடா?" அசோகன் கொளஞ்சியின் படகில் ஏறிவந்து துடுப்பால் மண்டையில் போட்டான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

கொளஞ்சி கறுப்பு உருண்டையைக் காட்டினான். "கிட்ட போவாதீங்க. நான் செஞ்ச படகுலேந்து உருட்டுனது. பக்கிரி போய்ட்டான்."

அடி ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாக விழுந்தது. கொளஞ்சி கையைத் தூக்கித் தடுக்கவில்லை.