கேசினி ஒன்றும் கேட்கவில்லை

பதுளை டவுனில் சனிக்கிழமை நடப்பதென்றால், கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் கடைக்காரர்களுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். எனக்கு அந்த வித்தை வராது. யாராவது "வாங்க அக்கா" என்றால் என் கால் தானாக நின்றுவிடும். குவைத்தில் ஆறு வருஷம் வீட்டு வேலை செய்தவளுக்கு 'மாட்டேன்' என்ற சொல் மறந்துபோனதில் ஆச்சரியமில்லை. அதற்கு முன்பும் அது எனக்குச் சரியாக வந்ததில்லை.

நான் ஊர் திரும்பி எட்டு நாள் ஆகியிருந்தது. ஐந்து வயதில் நான் விட்டுப்போன என் மகள் கேசினிக்கு இப்போது பதினொரு வயது. பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில், அக்கா ரெங்கம்மாவின் ஒற்றைக் காம்பிரா அறையில் வளர்ந்தவள். நான் பெட்டி நிறையக் கொண்டுவந்த கவுன்களில் ஒன்றுகூட அவள் தோளைத் தாண்டி இறங்கவில்லை. வாங்கும்போதெல்லாம் என் கண்ணில் நின்றது அந்த ஐந்து வயதுப் பிள்ளைதான். அவள் கோபப்படவில்லை, அழவில்லை. "பரவாயில்லைங்க, பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குக் குடுக்கலாம்" என்று எல்லாவற்றையும் மடித்து வைத்தாள். அந்தப் பரவாயில்லை இருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்காவிடம் நாள் முழுக்கச் சண்டை பிடிப்பாள். தலை சீவும்போது லயமே கேட்கக் கத்துவாள். என்னிடம் மட்டும் எட்டு நாளாக ஒரு பென்சில்கூடக் கேட்டதில்லை. இதற்கிடையில் குவைத் மேடம் வேறு, மூன்று மாதத்தில் திரும்பி வா, டிக்கெட் அனுப்புகிறேன் என்று சொல்லித்தான் விட்டிருந்தாள். நான் அவளிடம் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளை என்னிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டால் இங்கேயே இருந்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கிறுக்கு நினைப்பு. கேட்க வைக்கத்தான் அவளை டவுனுக்கு இழுத்து வந்தேன்.

பஜார் வீதியில் முதல் உடுப்புக் கடையிலேயே மாட்டிக்கொண்டோம். வாசலில் நின்றவனை உள்ளேயிருந்து முதலாளி "ஹுமைத்" என்று கூப்பிட்டார். அந்த ஹுமைத் என் கைப்பையைப் பார்த்தே வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று கண்டுகொண்டான்.

"உள்ளுக்கு வாங்க அக்கா. சும்மா பாருங்க, பாக்கிறதுக்குக் காசா கேக்கப் போறோம்?"

உள்ளே போனதும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மேசை மறைகிற அளவுக்குச் சட்டைகளை விரித்துவிட்டான்.

"இது மகளுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு. கொழும்புல இருந்து நேத்துத்தான் வந்திச்சு. நாளைக்கு வந்து கேட்டா இருக்காது அக்கா."

"நல்லா இருக்கு" என்றேன். அவன் எதைக் காட்டினாலும் நல்லா இருக்கு என்றேன். கேசினியின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. நான்கு சட்டைகளைத் தனியாக ஒதுக்கி, பில் போடச் சொல்லிக் கையைக் காட்டினான் ஹுமைத். நான் வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

கேசினி ஒரு எட்டு முன்னால் வந்தாள். சிரித்தாள்.

"நல்ல சட்டைதாங்க அண்ணே. எங்க பெரியம்மா பாத்துதான் எடுப்பாங்க. அடுத்த கெழம அவங்களையும் கூட்டிக்கிட்டு வாறோங்க. பாவம், உங்களுக்குத்தான் வீண் வேல" என்று சொல்லிக்கொண்டே இரண்டு சட்டைகளை அவளே மடித்தும் கொடுத்தாள்.

ஹுமைத்துக்குக் கோபப்பட வழியில்லாமல் போயிற்று. வாசல்வரை வந்து எங்களை வழியனுப்பி வைத்தான். பதினொரு வயதில் என்ன சாமர்த்தியம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்தடி நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சிரிப்பை நான் எட்டு நாளாக வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனம் நோகாமல் ஆளை வெளியே அனுப்பிவைக்கிற சிரிப்பு. இவளுக்கு ஹுமைத்தும் நானும் ஒன்றுதான் போலிருக்கிறது.

புத்தியுள்ளவளாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். எனக்கு வெறி பிடித்துவிட்டது. அடுத்த கடையில் அவளைக் கேட்காமலே ஒரு சட்டை வாங்கினேன். அதற்கடுத்த கடையில் ஒரு புத்தகப் பை, குடை, கைக்கடிகாரம். "புடிச்சிருக்கா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். "நல்லா இருக்குங்க" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். ஒரு கடையில் வாங்கிக்கொண்டிருக்கும்போதே என் கண் எதிர்க் கடைக்குப் போய்விடும்.

சப்பாத்துக் கடையில் றஷீனா என்ற பெண் எங்களைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா ஆசையா வாங்கித் தாராங்க, வேணான்னு சொல்லலாமா புள்ள?" என்று கேசினியின் காலைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நல்லாச் சொல்லுங்க அவகிட்ட" என்றேன் நான்.

கடைக்காரியோடு சேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளையை மடக்கிய தாய் பதுளையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கேசினி எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஒரே மாதிரிச் சிரித்தாள். சப்பாத்தும் வாங்கியாயிற்று.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இரண்டு கையும் நிறைந்திருந்தது. பசறை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கம்பளித் தொப்பிகளைக் கம்பில் மாட்டி விற்கும் ஒருவன் எங்கள் முன்னால் வந்து நின்றான். நான் பொட்டணங்களைக் கீழே வைத்துவிட்டு, ஒரு சிவப்புத் தொப்பியை எடுத்துக் கேசினியின் தலையில் மாட்டினேன்.

"இது மட்டும்மா. குளிருக்கு நல்லது."

அவள் தொப்பியைப் பிடுங்கி என் கையில் திணித்தாள்.

"வேணாம்! எனக்கு ஒன்னுமே வேணாம்! போன வாட்டியும் இப்படித்தான இங்க கூட்டியாந்து வாங்கிக் குடுத்த? சட்ட, பொம்ம, பிஸ்கட்டு எல்லாம் வாங்கிக் குடுத்த. காலையில எந்திரிச்சுப் பாத்தா நீ இல்ல!"

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். நான் அந்த நாளை மறக்கவில்லை. மறந்தது மாதிரி வைத்திருந்தேன், அவ்வளவுதான். குவைத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளும் இதே டவுனில் கடை கடையாக ஏறினோம். பொம்மையைக் கட்டிக்கொண்டு அவள் தூங்கிப்போனாள். எழுப்பினால் அழுவாள், அப்படியே கிளம்பு என்று சொன்னது அக்கா. கிளம்பியது நான்.

"இப்ப எப்ப போற?" என்று கேட்டாள் கேசினி.

பார்ப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு வரத் தொடங்கியதைப் பார்த்தேன்.

"போகல" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். தொப்பிக்காரன் நகர்ந்து நின்றான். "மேடம் கூப்பிட்டா முடியாதுன்னு சொல்லிருவேன்."

"நீயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டக் கடைக்காரர்கிட்டயே ஒனக்குச் சொல்லத் தெரியல."

காலையிலிருந்து கூடவே நடந்து பார்த்தவள் அவள். தொப்பியை அதன் சொந்தக்காரனிடம் நீட்டினேன்.

"எடுங்கக்கா, பொண்ணுக்கு நல்லா இருந்திச்சே. ரெண்டா எடுத்தா கொறச்சுத் தாறேன்."

"வேணாங்க."

"சரி, ஒன்னு எடுங்க. இந்தக் கலர்ல கடைசித் தொப்பி, மழ நேரம்..."

"வேணாம்னு சொல்றேன். எடுத்துட்டுப் போங்க."

அடுத்த வாரம் வருகிறேன் என்றோ, அக்காவைக் கேட்க வேண்டும் என்றோ சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. அவன் தொப்பியை வாங்கிக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போய்விட்டான்.

கேசினி அவன் போவதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண்டக்டர் "பசறை, பசறை" என்று கடைசிக் குரல் கொடுத்தான். நான் பொட்டணங்களை அள்ளிக்கொண்டு பஸ்ஸை நோக்கித் திரும்பினேன். அவள் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று கத்தினாள்.

"எனக்குப் பசிக்குது! விடிஞ்சதுல இருந்து கட கடயா இழுத்துக்கிட்டுத் திரியுறியே, ஒரு ரொட்டி வாங்கிக் குடுத்தியா? புள்ளைக்குப் பசிக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியவில்லைதான். ஒரு டீக்கடைகூட என் கண்ணில் படவில்லை. பஸ் எங்களை விட்டுவிட்டுப் புறப்பட்டது. என் பதிலுக்குக் காத்திராமல் சாப்பாட்டுக் கடைப் பக்கம் திரும்பி நடந்தவளின் பின்னால், மழையில் நனைந்துகொண்டு ஓடினேன்.