கையை எடுத்தால் பைப் பின்னால் தள்ளும்

முதுகில் ஒருத்தன் ஏறி மிதிக்கும்போது, கையில் பிடித்ததை விடாமல் இருந்திருக்கிறீர்களா? வாளி இருந்தான்.

மீன்தொட்டிக்குத் தண்ணீர் தூக்கித் தூக்கியே அவனுக்கு வாளி என்று பெயர் விழுந்துவிட்டது. மாடியில் அவன் அறையில் ஒரு சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரே ஒரு மீன். பெயர் தடியன். வேறு மீனை விட்டால் மென்று துப்பிவிடும். வாளி தண்ணீருக்குள் கையை விட்டால் மட்டும் விரலில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். தொட்டிக்கு அடியில் பலகை அலமாரி. அதற்குள் மோட்டாரும் பில்டரும் வெள்ளை பிவிசி பைப்புகளும். பைப் வளைகிற இடத்து எல்போ ஒன்று கசிந்தது. அந்தத் தண்ணீர் தரையில் ஊறி, கீழ் அறைக் கூரை வழியாக அண்ணன் படுக்கையில் சொட்டியது.

லாரி ஓட்டுகிற அண்ணன் வீட்டில் இருக்கிற நாளில் பகலிலும் தூங்குவான். கோபம் எந்நேரமும் மூக்கு நுனியில் இருக்கும். கசியக் கசிய வாளி ஈரப் பைப்பின் மேலேயே பசையை அப்பி வைத்தான். ஈரத்தில் எந்தப் பசை நிற்கும்? ஒவ்வொரு தடவையும் தோல் மாதிரி உரிந்து வந்தது. அன்று மதியம் முகத்தில் சொட்டு விழுந்து அண்ணன் எழுந்து உட்கார்ந்தான்.

“சாயங்காலத்துக்குள்ள நிக்கல, சுத்தியலோட வருவேன். தொட்டிய ஒடச்சு, உன் தடியனத் தெரு நாய்க்குப் போட்டுருவேன்.”

வாளி பைப் கடைக்கு ஓடினான். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“மேல பூசுறதெல்லாம் மேக்கப்பு தம்பி. அந்த எல்போவையே வெட்டி எறிஞ்சுட்டுப் புதுசு போடு. பைப்ப நல்லாக் காய வை. ரெண்டு பக்கமும் பைப் ஒட்டுற சொல்யூஷன் தடவு, திருகிக்கிட்டே உள்ள தள்ளு. தள்ளிட்டு உடனே கைய எடுத்துராத. எடுத்தா பைப் பின்னால தள்ளும், மறுபடி கசியும். கொஞ்ச நேரம் அழுத்திப் புடி. அப்புறம் காலைல வரைக்கும் தண்ணி விடாத.”

வாளி மோட்டாரை நிறுத்தினான். மீனுக்குக் காற்றுக் குழாயை மட்டும் ஓடவிட்டான். பழைய எல்போவை அறுத்து எடுத்தான். பைப்பைத் துணியால் துடைத்து, ஊதி ஊதிக் காயவைத்தான். சொல்யூஷன் தடவிப் புது எல்போவைத் திருகித் தள்ளினான். அலமாரிக்குள் தலையும் கையும், வெளியே முதுகும் காலும். அப்படி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் மாடியேறி வந்தான்.

“நின்னுச்சாடா?”

“அண்ணே, இருண்ணே, கைய எடுக்க முடியாது.”

“என்னையவே இருன்னு சொல்றியா?”

முதல் மிதி இடுப்பில் விழுந்தது. அடுத்தது முதுகில். வாளியின் நெற்றி பலகையில் போய் இடித்தது. அண்ணன் தரையில் கிடந்த மிச்ச பைப்பை எடுத்து விளாசினான். சட்டை கிழிந்து தோலும் கிழிந்தது. வாளி பல்லைக் கடித்தான். உதடு பல்லுக்கு நடுவே மாட்டி, ரத்தம் மோட்டார் மேல் சொட்டியது. கை மட்டும் அசையவில்லை.

அண்ணி ஓடிவந்து புருஷன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். “ஏங்க, மாட்டக்கூட இப்படி அடிக்க மாட்டாங்க!”

“மாடு பால் குடுக்கும்டி. இது என்ன குடுக்குது, தண்ணிதானே?”

முழங்கையால் ஒரே தள்ளு. அண்ணி சுவரில் மோதி உட்கார்ந்தாள்.

வாளி மெல்லக் கையை எடுத்துப் பார்த்தான். பைப் பின்னால் வரவில்லை. தவழ்ந்து வெளியே வந்தான்.

“ஒட்டிருச்சுண்ணே.”

“அப்போ மோட்டாரப் போடு. பாக்குறேன்.”

“காலைலதான். இப்பப் போட்டா பிச்சுக்கிட்டு வந்துரும்.”

“என் கட்டில் காலைல வரைக்கும் காத்திருக்குமா?”

அண்ணன் கை சுவிட்சுக்குப் போனது. வாளி பாய்ந்து அந்த மணிக்கட்டைக் கடித்தான். அண்ணன் அலறிக்கொண்டே அவன் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். பிறகு இடுப்பில் சொருகியிருந்த சுத்தியலை உருவிக்கொண்டு தொட்டியிடம் போனான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம், யாரோ சாப்பாடு போட வருகிறார்கள் என்று நினைத்து, தடியன் வாயைத் திறந்துகொண்டு வந்தது.

சுத்தியல் இறங்கியது. வாளி குறுக்கே இடது கையை வைத்தான்.

உடைந்த சத்தம் கேட்டது. கண்ணாடி இல்லை, விரல்.

காலடியில் கிடந்த பழைய எல்போ, ஒரு முழப் பைப்போடு அவன் வலது கைக்குக் கிடைத்தது. அதைச் சுழற்றி அண்ணன் வாயிலேயே போட்டான். இன்னொரு போடு காதோரம். அண்ணன் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தான், சுத்தியல் கட்டிலுக்கடியில் ஓடியது. வாளி அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கண்மண் தெரியாமல் குத்தினான். ரத்தத்தோடு ஒரு பல் வந்து விழுந்தது.

“போதும்!” அண்ணி சுவரைப் பிடித்து எழுந்தாள். “ரெண்டு பேரும் செத்தீங்கன்னா யாரு அள்ளுறது? தண்ணி அள்ளியே என் இடுப்பு போச்சு.”

வாளியின் ஓங்கிய கை அப்படியே நின்றது. அண்ணன் புரண்டு எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனான். வாளி சுவிட்சை மறைத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு, “நான் போனா அவன் மோட்டாரப் போட்டுருவான் அண்ணி,” என்றான். அந்த இடத்தைவிட்டு அவன் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் காலை வாளி வலது கையால் மோட்டாரைப் போட்டான். வாய் வீங்கிய அண்ணன் மேலே வந்து, குனிந்து, எல்போவுக்கு அடியில் ஒரு விரலை ஓட்டிப் பார்த்தான். விரல் காய்ந்திருந்தது. அவன் லாரி எடுக்கப் போனான். வாளி தடியனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, விரலுக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போனான்.